பூசைக்குப் போன அடுப்பங்கரை

இனிமேல் இந்த வீட்டு வாசலை எந்த வேலைக்காரனும் மிதிக்கக் கூடாது என்று என் அண்ணன் சபதம் செய்தது ஆடி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை. கொத்தனார் கூடாது. தச்சர் கூடாது. ஓடு மாற்றுகிற ஆள் கூடவே கூடாது. ஆம்பளை என்று ஒருத்தன் இருக்கிற வீட்டில் ஆணி அடிக்க ஆள் கூப்பிடுவது, தாலி கட்ட ஆள் கூப்பிடுவது மாதிரியாம். இந்த உவமை அவனுக்கே ரொம்பப் பிடித்துப்போய் அன்றைக்கே மூன்று பேரிடம் சொன்னான்.

சபதத்துக்குக் காரணம் ஒரு பெட்டி. பாண்டி ஞாயிற்றுச் சந்தையில் வாங்கியது. ஊரை விட்டுப் போன பிரெஞ்சுக்காரர் ஒருவருடைய ஆயுதப் பெட்டி, உள்ளே இருக்கிற ஒவ்வொரு இரும்பிலும் பாரிஸ் முத்திரை என்று விற்றவன் சொல்லியிருக்கிறான். என் அண்ணன் மணவாளன் பாண்டியில் சர்க்கார் ஆபீஸில் எழுத்தர். முத்திரை குத்தின எதையும் நம்பிவிடுவான்.

நான் அப்போது சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். பாகூர்ப் பக்கத்தில் எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பது அண்ணியின் கடிதங்களில்தான் தெரியும். தனக்கொடி அண்ணி அஞ்சாவது வரைக்கும் படித்தவள். இன்லேண்டில் இடம் வீணாகிவிடும் என்று ரெண்டே வரி எழுதுவாள். ஒரு கடிதத்தில், "கொல்லைக் கதவு இறுக்கமா இருக்குதுன்னு உங்க அண்ணன் அரத்தால தேய்க்கிறார். மத்தபடி நலம்." அடுத்த கடிதத்தில், "கொல்லைக் கதவைச் சாத்தினாலும் இப்ப நாய் தாராளமா வந்து போவுது. மத்தபடி நலம்." அதற்கடுத்து, "கெணத்து உருளையைக் கழட்டி மாட்டினார். ஒரு சாமான் மிச்சம் வந்துடுச்சு. பத்திரமா எடுத்து வச்சிருக்கார்."

ஆடிக் கடைசிக் காற்றில் தென்னை மட்டை ஒன்று அடுப்பங்கரைக் கூரை மேல் விழுந்தது. நாட்டு ஓடு. முப்பது ஓடு தூளாகி, சட்டம் ரெண்டு முறிந்து, அடுப்புக்கு நேர் மேலே ஒரு ஜன்னல் பிறந்தது. மறுநாளே ஓடு மாற்றுகிற சுப்பராயலு சைக்கிளில் வந்து நின்றிருக்கிறார். ஒரு நாள் வேலை, மழைக்கு முந்தி முடித்துவிடலாம் என்றிருக்கிறார். அண்ணன் அவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு, ஒரு உரச் சாக்கைக் கழியால் நெம்பி ஓட்டையின் மேல் தள்ளினான். தற்காலிக ஏற்பாடாம். சர்க்கார் ஆபீஸில் தற்காலிகம் என்றால் இருபது வருஷம் என்று அர்த்தம்.

பூசை லீவுக்கு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது புரட்டாசித் தூறல். அடுப்பங்கரையில் என் அண்ணி ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டி. சாக்கில் தேங்கின தண்ணீர் மூட்டையாகத் தொங்கி, அரை நாழிகைக்கு ஒரு தரம் ஒரு பக்கமாகச் சாயும். சாய்கிற நேரம் பார்த்து அண்ணி குழம்புச் சட்டியை நகர்த்துவாள். அந்த நகர்த்தலில் ஒரு பழக்கம் தெரிந்தது. எனக்கு அதைப் பார்த்துத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"சுப்பராயலுவைக் கூப்பிட்டா ஒரு நாள் வேலை. இன்னா கஷ்டம் உனக்கு?" என்றேன்.

"கஷ்டம் இல்லடி. கொள்கை."

"கொள்கை உனக்கு. தண்ணி அண்ணி தலையில."

"நீ இன்னா படிக்கிற?"

"பொருளாதாரம்."

"அதுல ஓடு வருதா?"

"உழைப்பு வருது. யாரு உழைக்கிறாங்க, யாரு உக்காந்து பேசறாங்கன்னு வருது."

"நல்லது. போயி ஒரு காபி போட்டுக்கினு வா. உழைப்பு எப்படி வருதுன்னு பாக்கலாம்."

காபி வந்தது. போட்டது அண்ணி. நான் கோபத்தில் இருந்தேன்.

என் அண்ணனோடு வாதம் செய்வது வாழைமரத்தில் ஆணி அடிக்கிற மாதிரி. உள்ளே போகும், ஆனால் எதுவும் மாட்ட முடியாது. காரல் மார்க்சில் ஆரம்பித்து கூலியில்லா உழைப்பு வரைக்கும் ஒரு மணி நேரம் பேசினேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, படித்த பிள்ளை பேசினால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது என்றான். ஆயுத பூசை முடியட்டும், விஜயதசமி அன்றைக்குத் தானே ஏறிப் பார்க்கிறேன் என்று வாக்கும் கொடுத்தான். நான் ஜெயித்துவிட்டேன் என்று அண்ணியிடம் சொன்னேன்.

"ஏற மாட்டாரு ஜெயா" என்றாள் அண்ணி. கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். "உங்க அண்ணனுக்கு மூணாம் படிக்கு மேல தலை சுத்தும். எங்க கல்யாணத்துக்கு மாவிலை கட்டறேன்னு ஏணியில ஏறினாரு. எறக்க நாலு பேரு வேண்டியிருந்துச்சு."

"அதை அவன் மூஞ்சிக்கு நேரா கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா ரோஷத்துல ஏறிடுவாரு. ஏறினா வுழுந்துடுவாரு. வுழுந்தா யாரு பாக்கறது? நான்தானே."

இந்தத் தர்க்கத்தில் நான் ஓட்டை கண்டுபிடிக்கப் பார்த்தேன். கிடைக்கவில்லை. ஐப்பசி பிறக்க இன்னும் ஒன்பது நாள். ஐப்பசி மழை சாக்குக்கு எல்லாம் நிற்காது. அடுப்பு கரைந்துவிடும், விறகு ஊறிவிடும், அண்ணி நிமோனியாவில் படுப்பாள். இதெல்லாம் அண்ணனுக்குத் தெரியும். தெரிந்தேதான் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

ஆயுத பூசை அன்றைக்கு அவன் விடியற்காலையிலேயே எழுந்துவிட்டான். கல்யாணத்துக்குக்கூட அப்படி எழுந்ததில்லை என்று அண்ணி சொன்னாள். பெட்டிக்கு மனை போட்டு, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டான். மொபெட்டைத் துடைக்கக்கூட இல்லை. என் புத்தகங்களுக்கு ஒரே ஒரு பூ, அதுவும் மாலையிலிருந்து உதிர்ந்தது.

சாயங்காலம் பொரி கடலை வாங்கிப் போக பக்கத்து வீட்டு ஜெயசீலியும் அவள் வீட்டுக்காரர் இக்னேஷியசும் வந்தார்கள். இக்னேஷியஸ் வம்புக்காரர். அவர்கள் வீட்டு ஓடுகளை ஆவணியிலேயே சுப்பராயலு மாற்றிவிட்டார். அந்தத் திமிரில் பொரியை மென்றபடி, நாளைக்கு ஏறிடுவே இல்ல மணவாளா என்று கேட்டார்.

அண்ணன் பெட்டியைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். பிறகு சாமி படத்தைப் பார்த்தான்.

"நாளைக்கு எடுக்கலாம். ஆனா நானே எடுக்கக் கூடாது" என்றான். "பூசையில வச்ச ஆயுதத்தைக் குடும்பத்துல மூத்த கை எடுத்துக் குடுக்கணும். குடுக்கற கை வேற, வாங்கற கை வேற. அப்பதான் ஆயுதம் சொன்னபடி கேக்கும்."

எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு வழக்கம் இருப்பது அன்றைக்குச் சாயங்காலம் ஐந்தே முக்கால் மணிக்குத்தான் எங்களுக்குத் தெரியும். மூத்த கை யாருடையது என்றால் கரையாம்புத்தூரில் இருக்கிற எங்கள் பெரியப்பா அரங்கநாதனுடையது. அவருக்குப் புரட்டாசி முதல் வாரம்தான் ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். இன்னொரு கண்ணில் புரை அப்படியே இருந்தது. தீபாவளி கழியும் வரைக்கும் மனிதர் எங்கேயும் அசையக் கூடாதென்று டாக்டர் உத்தரவு. ஆக, தீபாவளிக்குப் பிறகு பெரியப்பா வருவார், பெட்டியை எடுத்துக் கொடுப்பார், அண்ணன் கூரையில் ஏறுவான். அதற்குள் ஐப்பசி மழையே பெய்து ஓய்ந்திருக்கும்.

எந்த சாஸ்திரம், எந்த அத்தியாயம் என்று நான் ஆரம்பித்தேன். அண்ணி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

"எல்லா ஆயுதத்துக்கும் அப்படித்தானாங்க?" என்று கேட்டாள். ரொம்ப பக்தியாக.

"எல்லாத்துக்கும்தான் தனம். வேலை செய்யிற சாமான் எதுவா இருந்தாலும்."

"நடுவுல வேற யாராச்சும் எடுத்துட்டா?"

"வூட்டுக்கு ஆவாது."

"கேட்டுக்கங்க அண்ணே" என்றாள் அண்ணி, இக்னேஷியசிடம். அவர் கேட்டுக்கொண்டார். அண்ணன் நிம்மதியாக மூச்சு விட்டு, பாகூர்க் கடைத்தெருவில் சிநேகிதன் ரைஸ் மில் பூசைக்குக் கிளம்பினான்.

மொபெட் சத்தம் தெருமுனை தாண்டியதும் அண்ணி முந்தானையை இழுத்துச் செருகினாள். ஒரு மணி நேரம்தான் இருந்தது. முதலில் அரிவாள்மணை. பிறகு தோசைக்கல், கரண்டி, ஜல்லடை, முறம், பானை, சட்டி. ஜெயசீலி சாமானைத் தூக்க, நான் சந்தனம் வைக்க, அண்ணி குங்குமம் வைத்தாள். கிணற்றுக் கயிறும் வாளியும் வந்தன. மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது. ஆட்டுக்கல்லையும் அம்மியையும் நகர்த்த முடியாததால் இருந்த இடத்திலேயே பொட்டு. விறகடுப்புக்கும் பொட்டு. அண்ணனுடைய சவரப் பெட்டிக்குப் பெரிய பொட்டாக. பல் தேய்க்கிற பிரஷ்ஷை மட்டும் அண்ணி விட்டுவைத்தாள். அவர் தேய்க்கிற லட்சணத்துக்கு அது வேலை செய்யிற சாமான் இல்லையாம்.

கற்பூரம் காட்டி முடித்தபோது அண்ணன் திரும்பி வந்தான். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. கல்யாணச் சீர்வரிசை மாதிரி முழு அடுப்பங்கரையும் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது.

"இன்னா இது?"

"ஆயுதம்" என்றாள் அண்ணி.

மறுநாள் விஜயதசமி. காபி இல்லை. அண்ணன் காபி எங்கே என்றான். பெரியப்பா எங்கே என்றாள் அண்ணி. அவ்வளவுதான் பேச்சு.

நானும் அண்ணியும் ஜெயசீலி வீட்டுக்குப் போய்விட்டோம். அது மாதாகோயில் குடும்பம். அங்கே ஆயுத பூசை கிடையாது, அரிவாள்மணை வெறும் அரிவாள்மணையாகவே இருந்தது. புரட்டாசி என்று எங்களுக்காகக் கத்தரிக்காய்க் குழம்பு. அண்ணனையும் ஜெயசீலி கூப்பிட்டு அனுப்பினாள். அவன் வரவில்லை. சுப்பராயலு வேய்ந்த ஓட்டுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட மானம் இடம் கொடுக்கவில்லை. பொரி தின்றான். மத்தியானம் பொரியோடு கடலை. ராத்திரி கடலையோடு பொரி.

கடைத்தெருவில் ஓட்டல் இருந்தது. அங்கே போயிருக்கலாம். போனால், மணவாளன் வீட்டில் இன்னா விசேஷம் என்று நாலு பேர் கேட்பார்கள். சபதம் செய்கிறவர்களுக்கு இதுதான் வியாதி. பசி பொறுப்பார்கள், கேள்வி பொறுக்க மாட்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் அவன் குளிக்கவில்லை, வாளி பூசையில். முகத்தில் முள் முளைத்திருந்தது, சவரக்கத்தி பூசையில். அந்தக் கோலத்தில் ஆபீசுக்குப் போய்வந்து ஒரு புதுத் தீர்ப்பு சொன்னான். பொம்பளைங்க சாமான் ஆயுதத்தில் சேராதாம். ஆகையால் அண்ணி தாராளமாக எடுத்துச் சமைக்கலாமாம்.

இதற்காகத்தான் நான் பிறந்ததிலிருந்து காத்திருந்தேன். அரிவாள்மணையின் அலகு எவ்வளவு நீளம், உன் பெட்டியில் இருக்கிற எதன் அலகு அவ்வளவு நீளம் என்று கேட்டேன். இந்த அரிவாள்மணை ஞாயிற்றுக்கிழமை தோறும் மீனை வெட்டி உன்னைக் காப்பாற்றியிருக்கிறது. உன் பெட்டி இதுவரைக்கும் ஒரு கதவைத்தான் கொன்றிருக்கிறது. தோசைக்கல் தினமும் வேலை செய்கிறது, உன் சுத்தியல் வாங்கின நாளிலிருந்து எண்ணெய்க் குளியல் குளிக்கிறது. இதில் ஆயுதம் எது, அலங்காரம் எது? வேலை செய்யிற சாமான் எதுவா இருந்தாலும் என்று நீதானே சொன்னாய்? இக்னேஷியசைக் கூப்பிடட்டுமா?

"கூப்பிடாத" என்றான் அண்ணன்.

நாலாம் நாள் லீவு போட்டுவிட்டு, விடிவதற்கு முன்னால் ஒரு மாட்டு வண்டி பிடித்துக்கொண்டு கரையாம்புத்தூருக்குப் போனான். கண் ஆபரேஷன் ஆனவரை மொபெட்டில் வைத்துக் குலுக்க முடியாதே. வெறும் வயிற்றோடு போனவன் அங்கே ஒரு சட்டி பழைய சோறு சாப்பிட்டானாம். கிளம்பும்போதே தன் திட்டத்தை வண்டிக்காரனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பெரியப்பா எல்லாவற்றையும் எடுத்துக் கொடுப்பார், அடுப்பு எரியும். பெட்டியை வாங்கி மூலையில் வைத்துக்கொண்டு சந்திராஷ்டமம், அது இது என்று மழை வரைக்கும் ஓட்டிவிடலாம். எனக்கே இந்தத் திட்டத்தில் குறை தெரியவில்லை. அண்ணியிடம் சொன்னேன். அவள் ஜெயசீலியைக் கூப்பிட்டு, சுப்பராயலுவைத் தாம்பூலம் வாங்கிக்கொள்ள மத்தியானம் வரச் சொல்லி அனுப்பினாள்.

பதினோரு மணிக்கு வண்டி வந்தது. பெரியப்பா கண்ணுக்கு மேல் பச்சைத் துணி தொங்க, வைக்கோல் மெத்தையில் சாமி மாதிரி சாய்ந்திருந்தார். வண்டிக்காரனுக்கு அண்ணன் மாடு கட்ட இடம் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அண்ணி பெரியப்பாவுக்கு ஜெயசீலி வீட்டு மோர் கொண்டு வந்து கொடுத்தாள். அவர் மோர் குடிக்க மூன்று நிமிஷம் ஆனது. அந்த மூன்று நிமிஷமும் அவள் அவர் காதோரமாகக் குனிந்து என்னமோ சொல்லிக்கொண்டிருந்தாள். மோரில் உப்பு போதுமா என்று கேட்டாளாம்.

பெரியப்பாவைக் கூடத்தில் மனை போட்டு உட்கார வைத்தார்கள். இக்னேஷியசும் ஜெயசீலியும் சாட்சிக்கு வந்து நின்றார்கள். சுப்பராயலு குளித்து, திருநீறு பூசி, கூடத்துக்கு வெளியே, வாசல் நிலையை ஒட்டினாற்போல் நின்றார். வாசலை மிதிக்கவில்லை. அண்ணன் அவரைப் பார்த்தான், ஆனால் நல்ல நாளும் அதுவுமாக தாம்பூலத்துக்கு வந்தவரை என்ன சொல்வது?

"கண்ணு தெரியல எனக்கு. கையைப் பாத்துதான் குடுப்பேன்" என்றார் பெரியப்பா. "யாரு மொதல்ல?"

அண்ணி கையை நீட்டினாள். அவர் உள்ளங்கையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். கரண்டி பிடித்த தழும்பு, கயிறு இழுத்த காய்ப்பு, சுட்ட வடு.

"தோசைக்கல்லு பாவம். இந்தக் கைதான் அதைவிட சூடு தாங்கியிருக்குது" என்று சொல்லிவிட்டு, தோசைக்கல், அரிவாள்மணை, வாளி, கயிறு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அவள் கையிலேயே கொடுத்தார். அண்ணன் வாயில் எச்சில் ஊறுவது எனக்குத் தெரிந்தது.

கடைசியில் பெட்டி. அண்ணன் முன்னால் வந்து கையை நீட்டினான். அதே நேரத்தில், நிலைக்கு வெளியே இருந்து இன்னொரு கையும் நீண்டு வந்தது.

"பெரியப்பா, நான்தான் மணவாளன்."

"பேரை யாரு கேட்டா? கையைக் குடு."

அண்ணன் கையைத் தடவினார். திருப்பிப் போட்டும் தடவினார். "பூனைக்குட்டி வயித்தைத் தடவற மாதிரி இருக்குது. இது எழுதற கைடா" என்று கீழே விட்டார். இன்னொரு கையைப் பிடித்தார். அதில் அவர் விரல் ஒரு காய்ப்பிலிருந்து இன்னொரு காய்ப்புக்கு ஏறி இறங்கிப் போனது. "இது யாருப்பா?"

"சுப்பராயலுங்க. ஓடு மாத்தறவன்."

"புடி."

"பெரியப்பா, அது என் பொட்டி" என்றான் அண்ணன்.

"பொட்டி உன்துதான். இல்லன்னு நான் சொல்லலியே. வேலை அவன்து."

இக்னேஷியஸ் ஆமென் என்றார். அண்ணன் சுற்றிப் பார்த்தான். வழக்கத்தைக் கண்டுபிடித்தவன் அவன், மூத்த கையை வண்டி வைத்துக் கூட்டிவந்தவனும் அவன். யாரோடு சண்டை போடுவது?

சுப்பராயலு பெட்டியைத் திறந்தார். ஒரு இரும்பை எடுத்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். பெரிய அரத்தை எடுத்தபோது அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது.

"தம்பி, இது குதிரைக்கு லாடம் அடிக்கிற சாமானாச்சே. அந்தக் காலத்துல பாண்டியில தொரைங்க லாயத்துல பாத்திருக்கேன். இந்த அரம் குளம்பு தேய்க்கிறது. இதையா வச்சிக்கினு கதவைத் தேய்ச்சே?"

கொல்லைக் கதவு வழியாக நாய் உள்ளே வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. சுப்பராயலு பெட்டியை ஜாக்கிரதையாக மூடி அண்ணன் கையிலேயே கொடுத்துவிட்டு, வெளியே போய் வேலியோரம் சாத்தியிருந்த தன் ஏணியையும் பையையும் எடுத்தார். அவரோடு வந்த ரெண்டு ஆட்களும் புது ஓட்டோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். சமையற்கட்டுக் கூரைக்குத் தெருப்பக்கமாகவே ஏணி போட்டார்கள். அண்ணன் தரையில் நின்று, இடது பக்கம், இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று உத்தரவு போட்டான். கூரை மேல் இருந்தவர்கள் வலது பக்கம் முடித்துக்கொண்டு வந்தார்கள். சூரியன் சாய்வதற்குள் ஜன்னல் மூடியது. முதல் தடவையாக அண்ணி குடை இல்லாமல் அடுப்புக்கு முன்னால் நின்று, அண்ணாந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

நான்தான் சொன்னேன். கூடத்தில் நின்று நிறையவே சொன்னேன். எழுதற கை என்ற பட்டம் என் அண்ணனுக்கு எவ்வளவு பொருத்தம் என்று சொன்னேன். உழைக்கிற கையும் உட்கார்ந்து தின்கிற கையும் தொட்டாலே தெரியும் என்று பொருளாதாரத்தில் நாங்கள் படிப்பதைத்தான் பெரியப்பா தடவிச் சொன்னார் என்றேன். அண்ணன் மூலையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு இப்படி ஒரு நாள் வாய்த்ததே இல்லை.

"யாரு, நம்ம ஜெயாவா பேசறது?" என்றார் பெரியப்பா. "தனக்கொடி, இன்னும் ஒரு சாமான் மிச்சம் இருக்குதுன்னு சொன்னியே?"

அண்ணி அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். கையில் ஆட்டுக்கல் குழவி, அதைப் பெரியப்பாவிடம் கொடுத்தாள். ராத்திரி எல்லாருக்கும் அடை. சுப்பராயலு, ரெண்டு ஆட்கள், வண்டிக்காரன், பெரியப்பா, இக்னேஷியஸ் குடும்பம். அரிசியும் பருப்பும் ஜெயசீலி வீட்டில் விடியற்காலையே ஊறப் போட்டாகிவிட்டதாம். நான் எதையும் யோசிக்காமல், ஏதோ பரிசு வாங்குகிறவள் மாதிரி கையை நீட்டினேன்.

பெரியப்பா என் உள்ளங்கையைத் தடவினார். ஒரு முறை. மறுபடியும் ஒரு முறை. கூடத்தில் நான் பேசாமல் இருந்த முதல் நிமிஷம் அது.

"மணவாளா, உன் கையை மறுபடியும் நீட்டினியா?"

"இல்ல பெரியப்பா" என்றான் அண்ணன். நாலு நாளில் முதல் தடவையாகச் சிரித்தான்.

பெரியப்பா குழவியைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கினார். அண்ணிதான் அதை வாங்கி என் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டாள்.

"குடுங்க மாமா, லீவு இன்னும் எட்டு நாள் இருக்குது. அதுக்குள்ள காய்ப்பு ஏறிடும்."